பயந்த பூனையும் சாய்த்த பாத்திரமும்

எனது வலது கைப் பெருவிரலுக்குக் கீழே இரண்டு சிறு தழும்புகள் உள்ளன. டிசம்பர் விடுமுறையில் ஒரு பூனைக்குட்டி கடித்த அடையாளங்கள் அவை. கடித்த குட்டி இன்றும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எனது மேசைக்குக் கீழே, கைக்கு எட்டாத தூரத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது. "கடிச்ச பூனைய ஏன் இன்னும் வெச்சிருக்கிறீங்க?" என்று தோழிகள் கேட்பதுண்டு. அதற்குப் பதில் சொல்லப் போனால், பயந்துபோன ஒரு சிறு பிராணியோடு எவ்வாறு பழகுவது என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே அதனை ஒரு கட்டுரையாகவே எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் நடந்தது

அது மழைக்காலம். வாப்பாவுடன் நானும் தம்பியும் மீன்சந்தைக்குப் போயிருந்தோம். வெற்று மீன்பெட்டிகளுக்கு இடையில் சாம்பல் நிறக் குட்டியொன்று நனைந்து ஒடுங்கிக் கிடந்தது. விலா எலும்பை எண்ணலாம். அது நெத்தலியைப் போல மெலிந்திருந்ததால், தம்பி அந்த இடத்திலேயே அதற்கு "நெத்தலி" என்று பெயர் வைத்துவிட்டான். ஒரு காட்போட் பெட்டிக்குள் சூடை மீன் துண்டு ஒன்றைப் போட்டோம். குட்டி உள்ளே நுழைந்ததும் பெட்டியை மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

பெட்டியைத் திறந்ததுதான் தாமதம், அது சாமான் அறைக்குள் பாய்ந்து அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. இரண்டு நாட்களாக நாங்கள் விழித்திருக்கும்போது அது வெளியே வரவில்லை. வைத்த சாப்பாடு இரவில் மட்டும் காணாமற்போனது. நானோ அதை விடவில்லை. மணிக்கு ஒரு தடவை டோர்ச் அடித்துப் பார்த்தேன். கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துவந்து காட்டினேன். மூன்றாம் நாள், உடம்பெல்லாம் மீன் நாற்றமும் சேறுமாக இருக்கிறதே, குளிப்பாட்டிவிடுவோம் என்று நினைத்து, துவாய் ஒன்றை எடுத்துக்கொண்டு மூட்டையை நகர்த்தினேன். அது சுவரோடு ஒட்டிக்கொண்டு, காதுகளைத் தலையோடு படியவைத்து, வாயைத் திறந்து சீறியது. பிடிவாதம் என்று எண்ணிக்கொண்டு கையை நீட்டினேன். அடுத்த நொடி அதன் பற்கள் என் கையில் இறங்கின.

உம்மா உடனே என்னைப் பைப்படிக்கு இழுத்துச் சென்று, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினார். பிறகு வாப்பா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார். சகோதரிகள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். விசர்நாய்க்கடி நோய் நாயால் மட்டும் வருவதல்ல. பூனைக் கடியாலும் வரும். நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. அறிகுறி தோன்றுவதற்கு முன் போடும் தடுப்பூசியால் அதனைத் தடுக்கலாம். ஆகவே கடித்தாலும் பிராண்டினாலும் வீட்டில் மறைக்கக்கூடாது. ஏச்சுக்குப் பயந்து மறைக்கும் பிள்ளைகள் நம் மத்தியில் இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

ஊசி போட்டு முடிந்ததும் வாப்பா, "இண்டைக்கே அந்தப் பூனையக் கொண்டுபோய்ச் சந்தையில உட்டுட்டு வாறன்" என்றார். வைத்தியர் உடனே மறுத்துவிட்டார். கடித்த பிராணியை விரட்டிவிடக்கூடாது, இரண்டு வாரத்துக்குக் கண்முன்னே வைத்துக் கவனிக்க வேண்டும், அது நோயுற்றாலோ இறந்தாலோ உடனே வந்து அறிவிக்க வேண்டும் என்றார். பிராணி அந்த நாட்களில் சுகமாகவே இருந்தால், கடித்த வேளையில் அதன் உமிழ்நீரில் நோய்க்கிருமி இருக்கவில்லை என்று அறிந்துகொள்ளலாமாம்.

"சரி, ரெண்டு கிழம. அதுக்குப் பொறகு வீட்டில வெக்க ஏலா" என்றார் வாப்பா. நெத்தலிக்கு இரண்டு வாரத் தவணை கிடைத்தது. எனக்கும்தான்.

பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு

மறுநாள் நானாவோடு மிருக வைத்தியரிடம் போய்க் கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். குட்டிக்கு ஏறக்குறைய மூன்று மாதம் இருக்கும் என்றார். "அது உங்களை வெறுக்கவில்லை, மகள். உங்களை என்னவென்று அதற்குத் தெரியாது" என்று அவர் சொன்ன வார்த்தை என்னை யோசிக்க வைத்தது. அன்றிலிருந்து கிடைத்தவற்றையெல்லாம் தேடி வாசித்தேன்.

பூனைக்குட்டியின் வாழ்க்கையில் இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையான காலம் மிக முக்கியமானது. எது தன் உலகத்தைச் சேர்ந்தது, எது அந்நியம் என்பதை அது பெரும்பாலும் அந்த நாட்களிலேயே படித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் அய்லீன் கார்ஷ் என்ற ஆய்வாளர் 1980களில் இதனை ஆராய்ந்தார். அந்த வயதில் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டிகள் பின்னர் மனிதரிடம் எளிதாக வந்தன. கை படாமல் வளர்ந்தவை ஒதுங்கின. சந்தையில் பிறந்த நெத்தலிக்கு அந்த வாரங்களில் மனிதர் என்றால் மிதிக்கும் காலும், வீசும் கல்லும், ஊற்றும் தண்ணீரும்தான். அந்தப் பருவம் கடந்துவிட்டால் பழக்கவே முடியாது என்பதில்லை. காலம் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் அறிந்துகொண்டேன். பூனை எலிக்கு வேட்டைக்காரன். ஆனால் தன்னைவிடப் பெரிய பிராணிகளுக்கு அதுவே இரை. எனவே ஒளிந்துகொள்வதும், ஓடுவதற்கு வழி வைத்திருப்பதும் அதன் உயிர்காப்பு முறைகள். இரையாகும் பிராணியைப் பிடிக்க வருபவர் என்ன செய்வார்? நேராக நடந்து வருவார், கண்ணை எடுக்காமல் பார்ப்பார், மேலிருந்து கையை நீட்டுவார், மூலையில் மடக்குவார். அன்பு என்று நினைத்து நான் செய்ததும் அந்த நான்கும்தான். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலியைக் கேட்கும். பூனையின் காதுக்கு 60,000 ஹேர்ட்ஸுக்கு மேலும் கேட்கும். எங்கள் வீட்டின் பாத்திரச் சத்தமும் தம்பியின் கூச்சலும் அந்தக் காதுக்கு எப்படி இருந்திருக்கும்!

சீறுவதைப் பற்றியும் நான் பிழையாகவே விளங்கியிருந்தேன். சீறல் என்பது சண்டைக்கான அழைப்பல்ல. "கிட்ட வராதே" என்ற வேண்டுகோள். காது படிவது, கண்மணி விரிவது, வால் உடம்போடு ஒடுங்குவது, சீறுவது என்று அது நான்கு முறை சொல்லிவிட்டது. நான் கேட்காததால் ஐந்தாவதாகக் கடித்தது.

மூத்தம்மா நினைவூட்டிய இரண்டு ஹதீஸ்கள்

எனது கைக்கட்டைப் பார்த்த மூத்தம்மா, ஒரு பூனையின் காரணமாகத் தண்டிக்கப்பட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நினைவுபடுத்தினார். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான, நாமெல்லாம் அஹதியாவில் படித்த ஹதீஸ்தான் அது. அந்தப் பெண் பூனையை அடைத்து வைத்தாள், உணவளிக்கவில்லை, தானாக இரைதேடி உண்ணவும் அதை விடவில்லை. "நான்தான் சாப்பாடு குடுக்கிறேனே மூத்தம்மா" என்றேன். "சாப்பாடு குடுக்கிறாய் புள்ள. அதுட இஷ்டத்துக்கு ஒரு அடி எடுத்து வெக்க உட்டியா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பிறகு அவர் சொன்னது அபூகதாதா (ரலி) அவர்களைப் பற்றிய செய்தி. அவர்களுடைய மகனின் மனைவியான கப்ஷா, கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் மகளாவார். மாமனார் வுழூச் செய்வதற்காக அவர் தண்ணீர் எடுத்துவைத்தார். அப்போது ஒரு பூனை தண்ணீர் குடிக்க வந்தது. அபூகதாதா (ரலி) அவர்கள் அது குடிப்பதற்கு இலகுவாகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியப்போடு பார்த்தபோது, பூனை அசுத்தமானதல்ல, அது நம்மைச் சுற்றி வருகின்றவற்றுள் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி முதலிய நூல்களில் இது பதிவாகியுள்ளது.

பூனை சுத்தமா இல்லையா என்ற சட்டத்துக்காகவே இந்த ஹதீஸை நான் முன்னர் படித்திருந்தேன். அன்று வேறொன்று தெரிந்தது. அவர்கள் பூனையைத் தூக்கிப் பாத்திரத்தருகே கொண்டுவரவில்லை. வந்தது பூனை. அவர்கள் செய்தது பாத்திரத்தைச் சாய்த்தது மட்டுமே. பயந்த பிராணியோடு பழகும் முறை முழுவதும் இந்த ஒரு செயலுக்குள் அடங்கியிருப்பதாக எனக்குப் பட்டது: வழியை நாம் இலகுவாக்குவது, வருவதை அதனிடம் விட்டுவிடுவது.

நான் பின்பற்றிய படிகள்

முதலாவது, ஒளிந்துகொள்ள ஓரிடம். முன்பு ஒளியவிடாமல் மூட்டையை நகர்த்திய நான், இப்போது சாமான் அறையின் மூலையில் காட்போட் பெட்டியொன்றைக் கவிழ்த்து, இரு பக்கமும் வாசல் வெட்டிவைத்தேன். ஒளிய இடம் கொடுத்தால் அது எப்போதும் ஒளிந்தே இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். உண்மை அதற்கு எதிர். 2014ஆம் ஆண்டு நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர், காப்பகமொன்றுக்குப் புதிதாக வந்த 19 பூனைகளை வைத்து ஆய்வொன்றை வெளியிட்டார்கள். ஒளியப் பெட்டி கிடைத்த பூனைகளின் பதற்றம், கிடைக்காதவற்றைவிட விரைவாகக் குறைந்தது. ஓடி ஒளியலாம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் வெளியே வரத் துணிவு பிறக்கிறது.

இரண்டாவது, வாசனை. பூனை நம்மைக் கண்ணால் அறிவதற்கு முன் மூக்கால் அறிகிறது. நான் இரண்டு நாள் அணிந்த பழைய முக்காட்டைக் கழுவாமல் அதன் பெட்டிக்கருகே விரித்தேன். முதல் நாள் அது அதைச் சுற்றிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் முக்காட்டில் சாம்பல் மயிர் ஒட்டியிருந்தது. நான் இல்லாத வேளையில் என் வாசனையின் மேல் அது படுத்திருக்கிறது!

மூன்றாவது, நேரம். பூனைகள் அதிகாலையிலும் மாலை மங்கும் வேளையிலும் இயல்பாகவே சுறுசுறுப்பாக இருக்கும். சுபஹ் தொழுகைக்குப் பின்னர் அரை மணி, மஃரிபுக்குப் பின்னர் அரை மணி என்று நேரம் குறித்துக்கொண்டேன். நாள்தோறும் அதே நேரம், அதே இடம், அதே பாய். அடுத்தது என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் பாதியாகக் குறைகிறது. பாயில் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்து, அதைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் குர்ஆன் ஓதினேன். பிறகு பாடப்புத்தகத்தை வாசித்தேன். சாதாரண தரப் பரீட்சைக்குரிய வரலாற்றுப் பாடத்தில் பாதியை நெத்தலியும் கேட்டிருக்கும்.

நான்காவது, சாப்பாடு. முள் நீக்கி அவித்த சூடை மீனைத் தட்டில் வைத்து, முதலில் பெட்டி வாசலிலேயே வைத்தேன். அது நான் இருக்கும்போதே சாப்பிடத் தொடங்கிய பிறகு, நாளுக்கு ஒரு சாண் வீதம் தட்டை என் பக்கம் நகர்த்தினேன். சாப்பிட வெளியே வராவிட்டால் தட்டைப் பழைய இடத்துக்கே திருப்பினேன். பட்டினி போட்டு வரவழைக்கக் கூடாது. பசியால் வருவது பழக்கமாகாது. பசும்பாலும் கொடுக்கவில்லை; தாய்ப்பால் மறந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காமல் வயிற்றோட்டத்தை உண்டாக்கும். வெங்காயமும் உள்ளியும் பூனைக்கு நஞ்சு என்பதால் கறிமீனும் கொடுக்கவில்லை.

ஐந்தாவது, கண். உற்றுப் பார்ப்பது பூனையின் மொழியில் மிரட்டல். கண்ணை மெதுவாகச் சுருக்கி, மூடி, மெதுவாகத் திறப்பது நட்பின் அடையாளம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டு இதனைப் பரிசோதித்து வெளியிட்டார்கள். மெதுவாகக் கண் சிமிட்டிய மனிதரை நோக்கிப் பூனைகளும் கண்ணைச் சுருக்கின; சும்மா முகத்தோடு இருந்தவரைவிட, சிமிட்டியவர் நீட்டிய கையை அதிகம் நெருங்கின. நான் செய்துபார்த்ததைக் கண்டு தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் பதினோராம் நாள் மாலை, பெட்டி வாசலில் இருந்த இரண்டு மஞ்சள் கண்கள் மெல்லச் சுருங்கி மூடித் திறந்தன. நான் எழுந்து துள்ளாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தவணை முடிந்த நாள்

பதினான்காம் நாள் வந்தது. நெத்தலி சுகமாகவே இருந்தது. நோய்ப் பயம் நீங்கியது. ஆனால் நான் அதை இன்னும் ஒரு விரலாலும் தொட்டிருக்கவில்லை. பழகிய பூனை என்று வாப்பாவிடம் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. அன்று மஃரிபுக்குப் பின்னர் வழமைபோல் பாயில் உட்கார்ந்து ஓதினேன். மனம் ஓதலில் நிற்கவில்லை. நெத்தலி வெளியே வந்து சாப்பிட்டது. பிறகு பெட்டிக்குத் திரும்பாமல், எனக்கு முதுகைக் காட்டியபடி முக்காட்டின் ஓரத்தில் சரிந்து படுத்து, கால்களை நீட்டிக் கண்ணயர்ந்தது.

யன்னலுக்கு வெளியே வாப்பா நின்றதை நான் கவனிக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. ஒன்றும் பேசாமல் இஷாவுக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். மறுநாள் சந்தையிலிருந்து வந்தவர் கூடையைக் குசினியில் வைத்துவிட்டு, "அந்தச் சின்னப் பையில இருக்கிறது சூடை. கறிக்கில்ல" என்று உம்மாவிடம் சொன்னார்.

அஞ்சும் பிராணி தன் முதுகை நமக்குக் காட்டித் தூங்குகிறது என்றால், நம்மால் தனக்குத் தீங்கில்லை என்று அது தீர்மானித்துவிட்டது என்று பொருள். தொடுவதைவிடப் பெரிய படி அது. அதை எனக்கு முன் வாப்பா விளங்கிக்கொண்டார்.

தொடுதலும் பின்வாங்கலும்

அதன்பின் தொடுதல் தானாக வந்தது. இருபத்துமூன்றாம் நாள், அதன் மூக்கின் உயரத்துக்குத் தாழ்த்தி ஒரு விரலை நீட்டி அசையாமல் வைத்திருந்தேன். அது முகர்ந்தது, குளிர்ந்த மூக்கு ஒரு கணம் பட்டது, ஓடிவிட்டது. நான் துரத்தவில்லை. ஆறாவது வாரத்தில் தன் கன்னத்தை என் விரலில் உரசியது. பூனையின் கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் உள்ளன. அங்கே உரசுவது, நம்மைத் தனக்குத் தெரிந்தவற்றோடு சேர்த்துக்கொள்வதாகும். அதன் பின்னரே கன்னத்தையும் தாடையின் கீழும் தடவத் தொடங்கினேன். மூன்று நொடி தடவுவேன், நிறுத்துவேன். அது முகத்தை நீட்டினால் தொடர்வேன்; விலகினால் கையை எடுத்துவிடுவேன். வயிற்றையும் வாலடியையும் தொடுவதில்லை. பெரும்பாலான பூனைகள் அதை விரும்புவதில்லை.

இடையில் சறுக்கலும் வந்தது. ஒருநாள் தம்பியின் கையிலிருந்து சட்டி மூடி விழுந்த சத்தத்தில் நெத்தலி மூன்று நாள் பெட்டியை விட்டு வரவில்லை. எல்லாம் வீணாய்ப் போயிற்று என்று அழுதேன். வீணாகவில்லை. தட்டை இரண்டு சாண் பின்னால் வைத்து மீண்டும் தொடங்கினேன். முதலில் இரண்டு வாரம் எடுத்தது, இம்முறை ஐந்து நாளில் திரும்பி வந்தது. தடுப்பூசிக்குக் கொண்டுபோகவும் இதே முறைதான். மூடியுள்ள கூடையொன்றைப் பல நாட்கள் திறந்தே வைத்து, அதற்குள்ளேயே சாப்பாடு வைத்தேன். எட்டாம் வாரம் அது தானாகவே கூடைக்குள் போனது. விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் கொடுத்துத் திரும்பினோம்.

இன்றைய நெத்தலி மடியில் ஏறி விளையாடும் பூனையல்ல. விருந்தாளிகள் வந்தால் இன்னும் கட்டிலுக்கடியில் போய்விடும். தூக்கினால் உடம்பு விறைக்கும். ஆகவே தேவையில்லாமல் யாரும் தூக்குவதில்லை. முன்பு, அது என் மடியில் தூங்கும் நாளையே வெற்றி என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி ஒரு நாளை நான் எதிர்பார்ப்பதில்லை. அது எவ்வளவு தூரம் வர விரும்புகிறதோ, அவ்வளவு தூரத்தில் நாங்கள் இருவரும் சந்தித்துக்கொள்கிறோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பூனையோ, முயலோ, கூட்டுக்குள் பதறும் ஒரு குருவியோ இருக்கலாம். அதை நேசிக்கிறோம் என்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. தெரியும்வரை, கையை மடியில் வைத்துக்கொண்டு, பாத்திரத்தைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள்.

எனது மேசைக்கடியில் இப்போது ஓர் அசைவு. சுபஹ் முடிந்து அரை மணியாகிவிட்டது. நெத்தலி எழுந்து, சோம்பல் முறித்து, என் காலை ஒருமுறை உரசிவிட்டுக் குசினிப் பக்கம் போகிறது. நானும் எழும்ப வேண்டும்.